கல்லில் ஒட்டிய சிவப்பு: நிறமியா, மண் கறையா?

கேள்வி சுருக்கமாக இது: பழைய கற்காலக் கருவிகளில் செந்நிறமியின் எச்சம் கிடைத்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கல்லில் இருப்பது மனிதன் பூசியதா, மண்ணில் ஊறிய கறையா என்பதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்? நிறமிதான் என்று உறுதியானால், அந்த மக்கள் ஓவியம் தீட்டினார்கள் என்று கொள்ளலாமா?

இந்தத் துறையில் எது எளிது, எது கடினம் என்பதைப் பற்றி வெளியே ஒரு தலைகீழான எண்ணம் இருக்கிறது. லேசர், எக்ஸ் கதிர், துகள் முடுக்கி என்று பெயர்களை அடுக்கிக் கேட்பவர்களுக்கு வேதியியல்தான் பெரும்பாடு என்று தோன்றும். கல்லில் ஒட்டியிருப்பது ஹேமடைட் என்று சொல்ல ஒரு பிற்பகல் போதும். அந்த ஹேமடைட் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஆய்வுக் கருவி பொருளின் பெயரைத்தான் சொல்லும். அதை வைத்தது மனிதக் கையா, நிலத்தடி நீரா என்பதை ஆய்வாளர் வேறு தடயங்களிலிருந்து வாதிட்டு நிறுவ வேண்டும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பழைய கற்காலத்துச் சிவப்பு என்றால் பெரும்பாலும் காவிக்கல்தான். அதற்கு நிறம் தருவது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்ஸைடு. மஞ்சள் காவியில் அந்த இடத்தில் கோதைட் இருக்கும்; அது இரும்போடு நீரும் சேர்ந்த கனிமம். இரண்டிலும் களிமண், குவார்ட்ஸ், மைக்கா போன்றவை வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். இவை நீரில் கரைவதில்லை, வெயிலில் வெளிறுவதில்லை, நுண்ணுயிரிகளுக்கு இரையாவதும் இல்லை. அதனால்தான் இலைச்சாறு, இரத்தம், கொழுப்பு எல்லாம் மறைந்துபோன கல்லில் காவி மட்டும் மிஞ்சுகிறது.

சிக்கலும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. இரும்பு இல்லாத மண் அரிது. ஆக்ஸிஜன் குறைந்த நிலத்தடி நீரில் இரும்பு கரைந்து நகரும்; காற்றுப்படும் அடுக்கை எட்டியதும் ஆக்ஸைடாகப் படியும். அந்த அடுக்கில் கிடக்கும் கல்லெல்லாம் சிவப்பாகவோ பழுப்பாகவோ போர்வை போர்த்திக்கொள்ளும். லேட்டரைட் எனப்படும் இரும்பு மிகுந்த செம்பாறை நிலங்களில் கிடைக்கும் கருவிகள் முழுக்கச் செம்மை ஏறியிருப்பது இதனால்தான். மாங்கனீசும் இப்படியே நகர்ந்து, கருப்புப் பூச்சாகவும் கிளைவிட்டுப் படரும் கோலங்களாகவும் படியும். அந்தக் கோலங்களைத் தாவரப் புதைபடிவம் என்று எண்ணி ஏமாந்தவர்கள் ஏராளம். இது போதாதென்று, சில பாறைகளின் உள்ளேயே இரும்புக் கனிமம் உண்டு. கல் வானிலையில் சிதையும்போது அது மேற்பரப்பில் துருப் புள்ளியாகக் கசியும். ஆகவே, கல்லில் சிவப்பு இருக்கிறது என்ற தகவலுக்குத் தனியாக எந்த எடையும் கிடையாது.

எடை இருப்பது, அந்தச் சிவப்பு கல்லில் எந்த இடத்தில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதற்கு. முதல் விசாரணை விலை உயர்ந்த ஆய்வுக் கருவிகளில் நடப்பதில்லை. பக்கவாட்டில் ஒளி பாயும் சாதாரண நுண்ணோக்கியில் நடக்கிறது. இயற்கைக் கறை பாரபட்சம் பார்க்காது. வேலை செய்த விளிம்பிலும் இருக்கும், பிடித்த பக்கத்திலும் இருக்கும், மெல்லிய விரிசல்களுக்குள்ளும் இறங்கியிருக்கும். கருவி கைவிடப்பட்ட பிறகு, மண்ணின் அழுத்தத்தில் உடைந்த முகத்திலும் அது படர்ந்திருந்தால், வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மனிதன் தேய்த்த காவி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஓர் எல்லைக்குள் நிற்கும். பொடியாக அரைபட்டு, மேடுகளில் அழுந்தி, பள்ளங்களில் அடைந்து கிடக்கும். கை போன திசையில் நுண்ணிய கீறல்கள் அதனுள் ஓடும். பழைய காலத்திலேயே அந்த இடத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்திருந்தால், சிவப்பு அந்த வடுவின் ஓரத்தோடு வெட்டினாற்போல் நின்றுவிடும்.

அரைகற்களில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். தேய்ந்து வழவழப்பான பரப்பில், அதுவும் தேய்மானக் கீறல்களின் அடியில், காவித் துகள் சிக்கியிருந்து, அதே கல்லின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால், அதை மண்ணின் வேலை என்று சொல்வது கடினம். படிவுகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும் வரிசையும் சாட்சியாகும். காவியின் மேல் சுண்ணாம்புப் படிவம் உறைந்திருந்தால் காவி முந்தியது. படிவத்தின் மேல் காவி இருந்தால் பிந்தியது. குகைகளில் கூரையிலிருந்து நீர் சொட்டிச் சொட்டிப் படியும் கால்சைட், எச்சத்தை மூடிக் காத்துத் தருவதோடு இந்தக் கால வரிசையையும் சேர்த்துத் தருகிறது.

இவ்வளவும் ஒரே கல்லைப் பற்றியவை. தனிக் கல்லை வைத்து வாதிடுவது எப்போதும் பலவீனமானது; நான் படிக்கும் எந்த ஆய்விலும் முதலில் தேடுவது ஒப்பீட்டுப் பொருள்களைத்தான். கருவியைச் சுற்றியிருந்த மண்ணின் மாதிரி எடுத்தார்களா? அதே அடுக்கில் கிடந்த, மனிதக் கை படாத கற்களையும் பார்த்தார்களா? காவிப்பொடி தரையெங்கும் சிந்திக் கிடந்த வாழிடத்தில் எந்தக் கல்லை எடுத்தாலும் காவி ஒட்டியிருக்கும். அது கருவியின் பயன்பாட்டைச் சொல்லாது. அப்படிப்பட்ட இடத்தில், நூற்றுக்கணக்கான கருவிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எத்தனை எச்சம் என்று எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் லின் வாட்லி, மார்லீஸ் லொம்பார்ட் ஆகியோர் செய்தது அதைத்தான். அங்கே கிடைத்த பிறை வடிவச் சிறு கருவிகளில் ஒரு விளிம்பு கூரியது. எதிர் விளிம்பு வேண்டுமென்றே மழுக்கப்பட்டது. காவி எல்லா இடத்திலும் சமமாகச் சிதறியிருக்கவில்லை. மழுங்கிய முதுகுப் பக்கத்தில் திரண்டிருந்தது. அங்கேயே தாவரப் பிசினின் எச்சமும் இருந்தது. கூரிய பக்கத்தில் காவி குறைவு. தரையிலிருந்து ஒட்டிய தூசிக்குக் கருவியின் முதுகு எது, வாய் எது என்று தெரியாது. இந்த அமைப்புக்கு ஒரே நல்ல விளக்கம், காவி கலந்த பசையால் அந்தக் கருவிகள் பிடியில் பொருத்தப்பட்டிருந்தன என்பது.

மாசு பற்றியும் பேசியாக வேண்டும். இதை ஆய்வுக் கட்டுரைகளில் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பாதிச் சண்டை இதில்தான். அகழ்பவரின் இரும்புக் கரண்டி கல்லில் உரசினால் உலோகக் கோடு விழும். பின்னர் அது துருப்பிடித்துச் செம்பழுப்பாகும். அளவெடுக்கும் காலிப்பரும் அப்படியே. கையுறைப் பொடியில் டால்க்கோ மாவுச்சத்தோ இருக்கும். கருவியை நுண்ணோக்கியின் அடியில் நிறுத்தப் பயன்படும் விளையாட்டுக் களிமண் எண்ணெய்ப் பிசுக்கையும் கனிமத் துகளையும் விட்டுச் செல்லும். பதிவெண் எழுதிய மை, அதன்மேல் பூசிய வார்னிஷ், பெட்டியின் அட்டை இழை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த கருவியைத் தண்ணீரில் போட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவும் பழைய வழக்கம். எத்தனை சாட்சிகள் அந்த வாளித் தண்ணீரோடு போயின என்று நினைத்தால் வயிறு எரியும். இன்று எச்ச ஆய்வுக்கென்று ஒதுக்கும் கருவிகளை ஒட்டிய மண்ணோடு தனித்தனிப் பைகளில் எடுத்துவைக்கிறார்கள்.

ஆய்வாளரின் கண்ணும் ஏமாறும். அதைச் சோதிக்கவே, ஒருவர் புதிய கருவிகளைச் செய்து பயன்படுத்தி, என்ன செய்தார் என்பதை மறைத்து இன்னொருவரிடம் கொடுக்கும் சோதனை முறை வந்தது. வாட்லி, லொம்பார்ட், வில்லியம்சன் மூவரும் 2004இல் வெளியிட்ட அத்தகைய சோதனையில், விலங்கு எச்சமும் தாவர எச்சமும் ஒன்றுக்கொன்று குழம்பிய இடங்களை மறைக்காமல் எழுதினார்கள். அதன் பிறகுதான் எந்தத் தோற்றத்தை எந்த அளவு நம்பலாம் என்பதில் ஒரு கட்டுப்பாடு வந்தது. வெறும் நுண்ணோக்கிப் படத்தை வைத்து இரத்தம், பிசின், கொழுப்பு என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகளை இன்று சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இனி ஆய்வுக் கருவிகள். ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி மிக நுண்ணிய வடிவத்தைக் காட்டும். அதோடு இணைந்த எக்ஸ் கதிர் உணரி அந்த இடத்தில் எந்தத் தனிமங்கள் உள்ளன என்று சொல்லும். இதில் ஒரு பொறி உண்டு. எலக்ட்ரான் கற்றை மேற்பரப்போடு நிற்பதில்லை, ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கோ அதற்குச் சற்று அதிகமாகவோ உள்ளே இறங்கும். எச்சம் அதைவிட மெல்லியதாக இருந்தால், அடியில் உள்ள கல்லின் தனிமங்களும் சேர்ந்தே பதிவாகும். குவார்ட்ஸ் கருவியில் இது பெரிய தொல்லை இல்லை. அடிக்கல்லில் சிலிக்கானும் ஆக்ஸிஜனும்தான் இருக்கும், இரும்பு தனித்துத் தெரியும். டோலரைட் போன்ற இரும்பு மிகுந்த கல்லில் செய்த கருவியென்றால், இரும்பு கிடைத்தது என்ற முடிவு எதையும் நிரூபிக்காது. மேலும் இது தனிமத்தைத்தான் சொல்கிறது. ஹேமடைட், கோதைட், துரு மூன்றிலும் இரும்பு இருக்கிறது. கனிமம் எது என்று அறிய வேறு வழி வேண்டும்.

அந்த வழிகளில் பலரும் முதலில் நாடுவது ராமன் நிறமாலை முறை. சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, இன்று லேசரின் துணையோடு குகை மனிதன் பயன்படுத்திய நிறமியை அடையாளம் காட்டுகிறது. ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதன் சிறு பங்கு, அப்பொருளின் அணுப் பிணைப்புகள் அதிரும் முறைக்கேற்ப ஆற்றல் மாறி வெளிவரும். கனிமத்துக்குக் கனிமம் அந்த மாற்றத்தின் வடிவம் வேறு. மாதிரியைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை, ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் போதும் என்பவை இதன் பெரும் வசதிகள். பொறிகள் இங்கும் உண்டு. லேசரின் ஆற்றலைக் கூட்டினால் அந்தப் புள்ளி சூடேறி, மஞ்சள் கோதைட்டும் கரிய மேக்னடைட்டும் சோதனை நடக்கும்போதே ஹேமடைட்டாக மாறிவிடும். இல்லாத சிவப்பை ஆய்வாளரே உண்டாக்கிவிட்டு அதைக் கண்டுபிடித்ததாக எழுதும் நிலை வரும். அந்த ஆற்றல் மாற்றத்தை அலை எண் என்ற அளவில் குறிப்பார்கள். ஹேமடைட்டுக்கு 1320 அலை எண்ணுக்கு அருகே ஓர் அகன்ற முகடு உண்டு. கரிக்கும் 1350ஐ ஒட்டி ஒன்று உண்டு. இரண்டும் கலந்திருக்கும் எச்சத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அப்போது 225, 293, 412 ஆகிய இடங்களில் உள்ள கூரிய முகடுகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மண்ணின் கரிமப் பொருள்கள் ஒளிர்ந்து, நிறமாலை முழுவதையும் மூழ்கடிப்பதும் வழக்கமான தலைவலி.

போதிய அளவு பொடி கிடைத்தால் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறை படிக அமைப்பை ஐயமின்றிக் காட்டும். தனிமங்களை அளக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வு முறைக்குக் கையடக்கக் கருவிகளே வந்துவிட்டன. அகழாய்வுக் களத்திலேயே வைத்துப் பார்க்கலாம். அந்த எளிமையே அதன் ஆபத்தும்கூட: எண்கள் உடனே வருவதால், அவை எதை அளக்கின்றன என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. காவி எந்தப் படிவிலிருந்து வந்தது என்று தேட, மிகச் சிறு அளவிலுள்ள தனிமங்களை அளக்கிறார்கள். இதற்கு ஒவ்வொரு மூலப்படிவின் உள் வேறுபாடும் முதலில் தெரிந்திருக்க வேண்டும், பல இடங்களில் அந்த அடிப்படைத் தரவே இன்னும் சேரவில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்-பெல்வெடெர் களத்தில் ஹேமடைட் துளிகளாகத் தெறித்துக் கிடந்ததை 2012இல் அறிவித்தார்கள். காலம் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது, இருந்தவர்கள் ஆதி நியாண்டர்தால்கள். அருகில் ஹேமடைட் கிடையாது. பல பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். வெளியூர்க் கனிமம் என்பது மண் கறை வாதத்தை ஒரே வீச்சில் வெட்டிவிடுகிறது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோதைட்டை ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் அதிலுள்ள நீர் நீங்கி ஹேமடைட்டாகும், மஞ்சள் சிவப்பாகும். இதனால், பழைய மனிதர்கள் வேண்டுமென்றே மஞ்சளை வறுத்துச் சிவப்பாக்கினார்கள் என்ற கருத்து பிரபலமானது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் தெரியும் முகடுகளின் அகலத்தை வைத்து, சூட்டில் பிறந்த ஹேமடைட்டை ஓரளவு இனம் காணலாம். ஆனால் முன்பே மண்ணில் புதைந்திருந்த மஞ்சள் காவியின் மேல் பின்னால் வந்தவர்கள் அடுப்பு மூட்டினாலும் அதே மாற்றம் நிகழும்; சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. வெப்பம் பட்டது என்பது ஒரு செய்தி, வறுத்தார்கள் என்பது வேறு செய்தி. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதைத் தலைப்பில் போடுவது இந்தத் துறையின் பழைய வியாதி.

இப்போது கேள்வியின் இரண்டாம் பகுதி: நிறமி என்றால் ஓவியமா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்வேன். கற்கருவியில் உறுதியாகக் காவி இருந்தும், அது நிறத்துக்காகவே அங்கு வந்தது என்று சொல்ல முடியாத சூழல்கள் ஏராளம்.

பசையை முன்பே சொன்னேன். வாட்லி குழுவினர் 2009இல் அதைச் செய்தே பார்த்தார்கள். அகேசியா மரப் பிசின் மட்டும் என்றால் காய்ந்ததும் நொறுங்கும், ஈரத்தை உறிஞ்சி இளகும். காவிப்பொடியைச் சேர்த்துத் தீயருகே மெல்ல உலர்த்தினால் உறுதி கூடுகிறது. சூடு மிஞ்சினால் பசைக்குள் குமிழிகள் தோன்றிப் பிடிப்பு போய்விடும். பிசினின் தன்மை, பொடியின் அளவு, தீயின் தூரம் எல்லாவற்றையும் வேலை நடக்கும்போதே கவனித்து மாற்ற வேண்டியிருக்கிறது. 70,000 ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்தவர்களின் அறிவைப் பற்றி இந்தச் சோதனை சொல்வது, எந்த அலங்காரத்தையும்விடக் குறைந்ததில்லை என்பது என் கருத்து.

நியாண்டர்தால்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். பிரான்சின் லெ மூஸ்தியே களத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட சில கருவிகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் தனித்தனியே சுற்றிவைக்கப்பட்டு, 1960களிலிருந்து யாரும் தொடாமல் கிடந்தன. அந்தப் புறக்கணிப்பே வரமாகிவிட்டது. ஒட்டியிருந்த எச்சம் அப்படியே பிழைத்தது. 2024இல் பேட்ரிக் ஷ்மிட், எவா டுட்கியேவிச் குழுவினர் அதைக் காவியும் பிட்டுமெனும் கலந்த பொருள் என்று அறிவித்தார்கள். பிட்டுமென் என்பது இயற்கைத் தார். வியப்பு என்னவென்றால், கலவையில் பாதிக்கும் மேல் காவி. காற்றில் உலர்ந்த பிட்டுமெனில் இவ்வளவு காவியைச் சேர்த்தால் ஒட்டும் வலிமை குறைந்துவிடுகிறது. நீர்த்த பிட்டுமெனில் 55 சதவீதம் சேர்த்துப் பார்த்தபோது கதை மாறியது. கல் அதில் உறுதியாக நிற்கிறது, கையிலோ ஒட்டுவதில்லை. அதாவது மரப்பிடியில் பொருத்தும் பசைக்கு மாறாக, அந்தக் கலவைக் கட்டியே கைப்பிடியாக இருந்திருக்கிறது. கருவிகளின் பிடிப் பகுதியில் தெரிந்த நுண் தேய்மானமும் இதற்கு ஒத்துப்போனது. சிவப்பு நிறத்துக்கு இந்தக் கதையில் எந்த வேலையும் இல்லை.

கருவியைச் செதுக்கும் வேலையிலேயே காவி ஒட்டிக்கொள்ளவும் கூடும். சிபுடுவின் ஈட்டிமுனைகள் சிலவற்றில், விளிம்பைச் சீர்செய்யக் காவிக்கல் கட்டியையே மென்மையான சுத்தியாகப் பயன்படுத்தியதன் தடம் இருப்பதாக 2009இல் எழுதப்பட்டது. தோல் சுரண்டும் கருவிகளின் விளிம்பில் காவி இருந்தால், தோலைப் பதப்படுத்தவோ உரசவோ அது உதவியிருக்கலாம். கருப்பு நிறமியிலும் இதே எச்சரிக்கை தேவை. பிரான்சின் பெஷ் தெ லாஸே களத்தில் நியாண்டர்தால்கள் தேய்த்துப் பொடித்த மாங்கனீசு டை ஆக்ஸைடு ஏராளம். உடலில் பூசத்தான் என்று நெடுநாள் நம்பினார்கள். 2016இல் வந்த ஆய்வு, அந்தப் பொடி மரத்தூள் தீப்பற்றும் வெப்பநிலையை ஏறத்தாழ 350 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு இறக்குகிறது என்று காட்டியது. கருப்பு வேண்டுமென்றால் அடுப்பில் கரி இருக்கிறதே; அரிய கனிமத்தைத் தேடிப் போவானேன்?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. சில எச்சங்கள் பசை என்ற விளக்கத்துக்கு மசிவதில்லை. சிபுடுவின் 49,000 ஆண்டுப் பழமையான ஒரு சிறு கற்செதிலின் விளிம்பில் இருந்த காவிக் கலவையில் பாலின் புரதமான கேசின் கிடைத்ததை 2015இல் பாவோலா வில்லா குழுவினர் அறிவித்தார்கள். அந்தப் பகுதிக்குக் கால்நடை வளர்ப்பு வந்தது வெறும் 2,000 ஆண்டுகளுக்குள்தான். ஆகவே, பால் ஒரு காட்டு விலங்கினுடையதாக இருக்க வேண்டும். குட்டி ஈன்ற தாயை வேட்டையாடி எடுத்திருக்கலாம். செதிலில் பிடி பொருத்திய தடயம் இல்லை. பாலில் குழைத்த காவியைக் கலக்கவோ எடுக்கவோ அந்தச் செதில் பயன்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. பூசுவதற்கான வண்ணம் என்பதே இங்கே பொருத்தமான விளக்கம். தோலிலா, கல்லிலா, வேறு எதிலா என்பதைச் செதில் சொல்லாது.

புளோம்போஸ் குகைதான் இந்த ஆய்வு முறையின் மிகச் சிறந்த பாடம். அதே தென்னாப்பிரிக்காவின் தென்கடற்கரையில், கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் தலைமையில் அகழப்படும் இடம். அங்கே 1,00,000 ஆண்டுகளுக்கு முந்திய இரண்டு அபலோன் சிப்பிகளில் காவி, நொறுக்கிய எலும்பு, கரி கலந்த கலவையும், அரைத்த கற்களும் சேர்ந்தே கிடைத்ததை 2011இல் வெளியிட்டார்கள். ஆனால் நான் பாடம் என்று சொல்வது, நான்கு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு சில்கிரீட் (சிலிக்காவால் இறுகிய கல்) செதிலை. அதன் மேல் ஆறு செங்கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள். வயது 73,000 ஆண்டுகள். கல்லிலேயே உள்ள இயற்கைக் கோடுகளா, யாராவது வரைந்தவையா என்பதுதான் கேள்வி.

ஆய்வாளர்கள் முதலில் நிறமாலை முறைகளால் கோடுகளின் பொருள் வேறு, கல்லின் பொருள் வேறு என்று காட்டினார்கள். அதோடு விட்டுவிடவில்லை. அதே வகைக் கற்செதில்களில் காவியைக் குழம்பாக்கிப் பூசிப் பார்த்தார்கள், கூராக்கிய காவிக்கட்டியால் கோடு இழுத்தும் பார்த்தார்கள். சுவரில் கரிக்கட்டியால் எழுதினால் சாந்தின் மேடுகளில் மட்டும் கரி பிடிக்கும், குழிகள் வெள்ளையாகவே நிற்கும் அல்லவா, காவிக்கட்டியும் அப்படித்தான். குழம்போ குழிகளில் போய் நிறையும். பழைய கோடுகளின் தோற்றம் கட்டியின் கோடுகளோடு ஒத்தது. கட்டியின் முனை 1 முதல் 3 மில்லிமீட்டர் அகலம் இருந்திருக்க வேண்டும் என்றும் கணித்தார்கள். வரைவதற்கு முன்பே அந்தப் பரப்பு காவி அரைத்துத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. கோடுகள் செதிலின் ஓரத்தில் திடீரென்று அறுபட்டு நிற்கின்றன. ஆகவே, அது ஒரு பெரிய அரைகல்லின் உடைந்த துண்டு. ஓவியமும் அதைவிடப் பெரியது. அரைத்தல், வரைதல், உடைதல் என்ற வரிசை இந்தச் சிறு துண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2018இல் இது வெளியானபோது உலகின் பழமையான ஓவியம் என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியது, அப்படிச் சொல்லும் முன் ஒவ்வொரு மாற்று விளக்கத்தையும் எடுத்துவைத்துத் தள்ளிய பொறுமையைத்தான்.

காலம் எப்படித் தெரியும் என்பதையும் கேட்பார்கள். இரும்பு ஆக்ஸைடில் கார்பன் இல்லை. ரேடியோகார்பன் முறையில் காவியின் வயதை நேரடியாக அறிய முடியாது. கருவி கிடந்த அடுக்கின் வயதுதான் அதன் வயது. குவார்ட்ஸ் மணல் துகள் கடைசியாக வெளிச்சம் கண்டது எப்போது என்று அளக்கும் முறை இங்கே பெரிதும் உதவுகிறது. அடுக்கு கலையாமல் இருந்ததா என்பதுதான் எப்போதும் வாதத்தின் மென்மையான இடம்.

கடைசியாக, ஏன் எப்போதும் சிவப்பும் கருப்பும் மட்டும்? பழைய கற்கால மக்களுக்கு மற்ற நிறங்களில் நாட்டமில்லை என்று எழுதியவர்கள் உண்டு. 2025இல் வந்த இரண்டு ஆய்வுகள் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. ஜார்ஜியாவின் ஜூஜுவானா குகையில் கிடைத்த, 32,000 முதல் 34,000 ஆண்டுகள் பழமையான அரைகற்களில் லாரா லோங்கோ குழுவினர் நீலத் துகள்களைக் கண்டார்கள். ராமன் முறை அதை இண்டிகோட்டின் என்றது. அவுரி நீலத்தின் சாயமும் அதுதான். அங்கே அதன் மூலம் ஐசாடிஸ் என்னும் செடி. அதன் இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. இலையை நசுக்கி, சாறு காற்றுப்பட்டால்தான் அது உருவாகும். அதனால் அந்தக் கற்களில் இலை நசுக்கப்பட்டது என்பது உறுதி. கற்களின் நுண்துளைகளுக்குள் புகுந்துகொண்டதால்தான் எச்சம் தப்பியது. சாயத்துக்கா, மருந்துக்கா என்பது திறந்தே இருக்கிறது. உண்பதற்கான செடி அது இல்லை.

இரண்டாவது, ஜெர்மனியின் முல்ஹைம்-டீடெஸ்ஹைம் களத்துக் கல். வயது சுமார் 13,000 ஆண்டுகள். நடுவில் குழிவு இருந்ததால் அதைக் கொழுப்பு விளக்கு என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தின் இஸி விஷர் குழுவினர் அதில் கண்ணுக்கு அரிதாகத் தெரிந்த நீலத் தடங்களைப் பல முறைகளால் சோதித்தபோது அசுரைட் என்று வந்தது. செம்பின் கார்பனேட் கனிமம் அது. அந்தக் காலத்து ஐரோப்பியக் குகை ஓவியங்களில் நீலம் இதுவரை கிடைத்ததில்லை. ஆகவே, கலந்த நீலம் பாறைச் சுவருக்குப் போகவில்லை. உடம்பிலோ தோல், இழை போன்ற அழியும் பொருள்களிலோ பூசப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அருங்காட்சியகங்களில் விளக்கு, சம்மட்டி, அரைகல் என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கும் கற்கள் எத்தனையோ. அவற்றில் நீரில் போட்டுத் தேய்க்கப்படாதவற்றை மீண்டும் நுண்ணோக்கியின் அடியில் வைக்கும் வேலை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது.